அணைக் கணக்கில் ஏறாத காய்ச்சல்

ஓர் அணை கட்டத் திட்டம் வகுக்கும்போது மதிப்பீடு ஒன்று எழுதப்படுகின்றது. கல்லுக்கு இவ்வளவு, சிமெண்டுக்கு இவ்வளவு, கூலிக்கு இவ்வளவு, நீரில் மூழ்கும் நிலத்துக்கு ஈடாக இவ்வளவு என்று செலவுப் பக்கம் நிரம்பும். வரவுப் பக்கத்தில் பாசனம் பெறும் ஏக்கர், விளையும் நெல், நகரத்துக்குச் செல்லும் குடிநீர், கிடைக்கும் மின்விசை ஆகியவை இடம்பெறும். இரண்டையும் ஒப்பிட்டு ஆதாயம் உண்டென்று கண்ட பின்னரே வேலை தொடங்கும். சங்கத்தின் வரவு செலவுப் பட்டியை ஆண்டுதோறும் மகாசபையில் வாசிக்கக் கேட்டுப் பழகியவர்கள் நாம். ஒரு கணக்கில் எழுதப்பட்டிருப்பதைப் படித்து முடித்த பின், விடப்பட்டது எது என்று தேடுவதும் நமக்குப் பழக்கமே. அவ்வாறு தேடினால், அணைக் கணக்கில் நெடுங்காலமாக விடப்பட்டு வந்த இனம் ஒன்று அகப்படும். அது மலேரியாக் காய்ச்சல்.

இதனால் அணைகளே வேண்டாமென்று நாம் வாதிடுவதாக எவரும் எண்ணலாகாது. மேட்டூர் இல்லையேல் தஞ்சைக் குறுவை இல்லை. பூண்டியும் புழலும் இல்லையேல் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் உலை வைக்க நீர் இல்லை. நாம் சொல்ல விரும்புவது வேறு. அணை நீரை நடத்தும் முறையில் உள்ள குறையே காய்ச்சலை விளைவிக்கின்றது. அக்குறையைப் போக்குவதற்கு ஆகும் செலவு அணையின் செலவிலேயே சேர வேண்டும். அங்கே சேர்க்கப்படாத தொகை, உழவர் வீட்டிலும் நெசவாளர் வீட்டிலும் கூலியிழந்த நாட்களாக வசூலிக்கப்படுகின்றது.

இதற்குச் சான்று தேடி நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. நம் நாட்டிலேயே, தஞ்சைச் சீமையிலேயே, உலகத்தின் மலேரியா நூல்களில் இடம்பெற்ற சான்று ஒன்று இருக்கின்றது.

மேட்டூர் அணை வேலை 1925ஆம் ஆண்டில் தொடங்கி 1934இல் முடிவுற்றது. அணையில் தேங்கும் நீரைக் கொண்டு பழைய டெல்டாவுக்குத் தெற்கே புதிய நிலங்களைப் பாசனத்துக்குக் கொண்டுவரக் கல்லணைக் கால்வாய் வெட்டப்பட்டது. தஞ்சை வட்டாரத்து மக்கள் இன்றும் அதனைப் புது ஆறு என்றே வழங்குகின்றனர். அக்கால்வாயின் நீர் சென்றடைந்த இடங்களுள் பட்டுக்கோட்டைத் தாலுகா ஒன்று. அதுவரை ஏரி குளத்தையும் வானத்தையும் நம்பியிருந்த பூமி அது. காவிரி வந்தது, புஞ்சை நஞ்சையாயிற்று, மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் நீர் வந்த சில பருவங்களுக்குள்ளாகவே குளிர்காய்ச்சலும் வந்தது. ஊர் ஊராகப் பெரியோரும் சிறியோரும் படுத்தனர். குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் மண்ணீரல் வீங்கித் தட்டுப்பட்டது.

அப்போது அமெரிக்க நாட்டு ராக்பெல்லர் ஸ்தாபனத்தைச் சேர்ந்த டாக்டர் பால் ரஸ்ஸல் என்பவர் சென்னை மாகாண அரசாங்கத்தின் ஒத்துழைப்புடன் பட்டுக்கோட்டையில் ஆராய்ச்சி நடத்தினார். நம் நாட்டு விஞ்ஞானிகள் பலர் அவருடன் பணி புரிந்தனர். பிற்காலத்தில் இந்திய அனோபிலிஸ் கொசுக்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய டி. இராமச்சந்திர ராவ் அவர்களுள் ஒருவர். இவர்களுடைய அறிக்கை 1938இல் வெளியாயிற்று. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் இனத்தில் குலிசிபேசிஸ் எனப்படும் கொசுவே அங்குக் குற்றவாளி என்று அது தெரிவித்தது. சாக்கடையை நாடாத கொசு இது. வெயில் படும் தெளிந்த நீரே இதற்கு வேண்டும். புதிய கால்வாய் அத்தகைய நீரை எங்கும் பரப்பி வைத்திருந்தது. கரைக்கு மண்ணெடுத்த குழிகளில் நீர் நின்றது. கரை கசிந்த இடங்களில் குட்டை உண்டாயிற்று. வடிகால் இல்லாத பள்ளங்களில் வயலின் உபரி நீர் தங்கிற்று. நடவு முடிந்து பயிர் சாண் உயரத்தில் நிற்கும் வயலே கொசுவுக்கு நாற்றங்கால் ஆயிற்று. பயிர் வளர்ந்து நிழல் கட்டிய பிறகு அதே வயலில் இக்கொசு குறைந்துவிடும்.

இதில் நம் உழவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. காவிரியின் பழைய டெல்டாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நெல் விளைந்து வருகின்றது. அங்கும் அதே ஆறு, அதே நெல், அதே வெயில். ஆயினும் பட்டுக்கோட்டையில் கண்ட கொள்ளைக் காய்ச்சல் பழைய டெல்டாவில் இல்லை. நீரும் நெல்லும் மட்டுமே காய்ச்சலுக்குக் காரணமாயின் பழைய டெல்டா என்றோ பாழாகியிருக்க வேண்டும். பழைய பாசனத்தில் வாய்க்காலோடு வடிகாலும் தலைமுறை தலைமுறையாகத் திருத்தப்பட்டு வந்திருக்கின்றது. புதிய பாசனத்தில் நீரைக் கொண்டுவருவதற்கு இருந்த அவசரம் நீரை வெளியேற்றுவதற்கு இருக்கவில்லை. எமக்குத் தோன்றும் முதற் காரணம் இதுவே. இன்னொன்றும் உண்டு. காய்ச்சல் அரிதாயிருந்த ஊர் மக்களின் உடலில் அதனைத் தாங்கும் எதிர்ப்பு இராது. ஆதலின் நோய் வந்தபோது வயது வேறுபாடின்றி அனைவரையும் வீழ்த்திற்று.

ரஸ்ஸலும் அவர் குழுவினரும் காரணம் கண்டதோடு நிற்கவில்லை. பைரீத்ரம் என்னும் பூவினத்து மருந்தை வீடுகளுக்குள் தெளித்து, உள்ளே தங்கும் கொசுவைக் கொன்று காய்ச்சலைக் குறைக்கலாம் என்று காட்டினர். நமக்கு அதனினும் முக்கியமான மற்றொரு சோதனையும் அவர்கள் செய்தனர். நெல் வயலில் நீரை இடைவிடாது தேக்கி வைக்காமல், சில நாள் பாய்ச்சிச் சில நாள் காயவிட்டுப் பார்த்தனர். கொசுவின் முட்டை புழுவாகிக் கூட்டுப்புழுவாகிப் பறந்து செல்ல ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வயலைக் காயவிட்டால் புழு மடியும்; பயிர் மடியாது. இச்சோதனையின் முடிவுகள் 1942இல் அச்சேறின.

அந்த ஆண்டோடு அந்த யோசனை ஏறக்குறைய உறங்கிப்போயிற்று. போர் முடிந்தது, டி.டி.டி. வந்தது. 1953இல் தேசிய மலேரியாத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. அதற்கு முன் இந்தியாவில் ஆண்டொன்றுக்கு ஏழரைக் கோடிப் பேர் காய்ச்சலுற்றனர் என்றும், எட்டு லட்சம் பேர் மாண்டனர் என்றும் மதிப்பிட்டிருந்தனர். 1961இல் பதிவான நோயாளிகள் ஏறத்தாழ 50,000 மட்டுமே. உலகமே வியந்த சாதனை இது. குறைத்துக் கூற நமக்கு மனமில்லை. ஆயினும் மருந்து தெளித்தால் போதும், வாய்க்காலைப் பற்றிக் கவலை வேண்டா என்ற எண்ணம் அப்போதுதான் வேரூன்றிற்று. கொசு மருந்துக்குப் பழகிற்று, கண்காணிப்புத் தளர்ந்தது, 1976இல் நோயாளிகளின் தொகை 64 லட்சத்தைத் தாண்டியது. பொறியாளர் கையில் இருந்த வேலையைச் சுகாதார இலாகாவின் தெளிப்பான் தலையில் முழுவதும் சுமத்தியதன் பலனில் ஒரு பகுதி இது என்பது எமது கருத்து.

பொறியாளர் செய்தால் எவ்வாறு முடியும் என்பதற்கு டென்னசி பள்ளத்தாக்கு சான்று. அமெரிக்காவில் 1933இல் டென்னசி ஆற்றுப் பள்ளத்தாக்கு நிர்வாகம் ஏற்பட்டபோது அவ்வட்டாரத்து மக்களில் நூற்றுக்கு 30 பேர் வரை மலேரியாவால் வருந்தினர். அங்கே வரிசையாக அணைகள் எழும்பின. காய்ச்சல் பெருகியிருக்க வேண்டும். அந்நிர்வாகமோ நீர்த்தேக்கத்தின் கரையோரச் செடிகொடிகளை அகற்றிற்று. கொசு பெருகும் பருவத்தில் நீர்மட்டத்தைச் சிறிது இறக்கியும் ஏற்றியும் மாற்றி வந்தது. மட்டம் இறங்கினால் கரையோரப் புழு வறண்ட தரையில் அகப்பட்டு மடியும். அல்லது செடியின் மறைப்பை இழந்து மீனுக்கு இரையாகும். மதகைத் திறப்பதும் மூடுவதுமே மருந்தாயிற்று. 1940களின் முடிவில் அப்பள்ளத்தாக்கில் மலேரியா ஏறக்குறைய மறைந்துவிட்டது.

செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்றுகள் உள. நர்மதையில் பர்கி அணை கட்டிய பின் நீர்த்தேக்கத்தை அடுத்த பழங்குடி ஊர்களில் மலேரியா மிகுந்ததை நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1999இல் எடுத்துரைத்தனர். இலங்கையில் மகாவலி ஆற்று நீரை அணைகளால் திருப்பியபோது, அணைக்குக் கீழே ஓட்டம் குன்றிய ஆற்றுப்படுகையில் குட்டைகள் தேங்கின. மலேரியா அறியாத மலைநாட்டு ஊர்களில் 1980களில் காய்ச்சல் தோன்றிற்று. ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கேயுள்ள அணைகளைக் கணக்கெடுத்து 2015இல் வெளியான ஆராய்ச்சி, அவற்றால் மட்டும் ஆண்டுதோறும் 11 லட்சம் பேர் மலேரியாவுக்கு உள்ளாவதாக மதிப்பிட்டது. அக்கணக்கை எடுக்க ஆப்பிரிக்க மக்கள் இத்தனை ஆண்டு காத்திருக்க நேர்ந்தது.

இது நிற்க. பட்டுக்கோட்டைக்கும் இராயபுரத்துக்கும் என்ன தொடர்பு, கடற்கரையிலும் ஆலைப்புகையிலும் வாழும் நமக்கு அணையைப் பற்றி என்ன கவலை என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். நாம் வாழும் இடம் எது என்பதை முதலில் நினைவுகொள்வோம். எண்ணூர்க் கழிமுகம் கொசஸ்தலையாற்றின் வாய். அந்த ஆறு பள்ளிப்பட்டு வழியாக வந்து பூண்டியில் தடுக்கப்படுகின்றது. 1944இல் கட்டி முடித்த அந்நீர்த்தேக்கத்துக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். பூண்டியின் நீர் கால்வாய் வழியாகச் சோழவரத்துக்கும் புழலுக்கும் சென்று நகரத்துக்குக் குடிநீராகின்றது. 1996 முதல் கிருஷ்ணா நீரும் கண்டலேறு வழியாகப் பூண்டியில் வந்து சேர்கின்றது. ஆற்றின் தலைப்பக்கத்தில் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை நெசவாளர்கள். இடையில் பொன்னேரி, மீஞ்சூர் உழவர்கள். கடைப்பக்கத்தில் எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரத்து மக்கள். திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டை, காலட் என்ற கவர்னர் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நெசவாளரைக் குடியேற்றிய ஊராதலால் அப்பெயர் பெற்றது. ஆகவே தறிக்கும் இந்த ஆற்றின் கடைப்பக்கத்துக்கும் உறவு பழையதே.

எண்ணூருக்கும் மலேரியா ஆராய்ச்சிக்கும் உள்ள உறவும் பழையது. கொசுவினாலேயே மலேரியா பரவுகின்றது என்று ரொனால்டு ராஸ் 1897இல் செகந்தராபாத்தில் கண்டறிந்த சில ஆண்டுகளுக்குள், இங்கிலாந்தின் ராயல் சங்கம் அனுப்பிய மலேரியாக் குழுவினரான ஸ்டீபென்ஸ், கிறிஸ்டோபர்ஸ் என்னும் இருவர் எண்ணூரில் ஆராய்ந்தனர். குழந்தைகளின் மண்ணீரலையும் இரத்தத்தையும் பார்த்தும், கொசுக்களை அறுத்துச் சோதித்தும், எந்தக் கொசு எந்த அளவு நோயைச் சுமக்கின்றது என்று கண்டறிவதே அவர்கள் பணி. பின்னாளில் பட்டுக்கோட்டையில் குற்றவாளியாகப் பிடிபட்ட அதே குலிசிபேசிஸ் எண்ணூரிலும் நோய் சுமப்பது அப்போதே தெரிந்துவிட்டது. அந்த ஸ்டீபென்சின் பெயரை லிஸ்டன் என்னும் டாக்டர் 1901இல் மற்றொரு கொசுவுக்கு இட்டார். ஸ்டீபென்சி என்னும் அக்கொசுவே இன்று சென்னை நகரத்தின் மலேரியாக் கொசு.

குலிசிபேசிஸ் வயலையும் வாய்க்காலையும் ஆற்றுக் குட்டையையும் நாடும். ஸ்டீபென்சியோ வீட்டை நாடும். மாடித் தொட்டி, நிலத்தடித் தொட்டி, கிணறு, சிமெண்டுத் தொட்டி, கட்டடம் கட்டுமிடத்தில் தேக்கிய நீர் ஆகியவையே இதன் பிறப்பிடங்கள். சுத்தமான நீர் எங்கே மூடப்படாமல் நிற்கின்றதோ அங்கே இது முட்டையிடும். இப்போது அணையிலிருந்து வரும் நீர் நம் வீட்டை அடையும் வழியைச் சற்று எண்ணிப் பாருங்கள். பூண்டி ஒரு தேக்கம். சோழவரமும் புழலும் தேக்கங்கள். அவற்றில் நின்ற நீர் குழாய் வழியாக வருகின்றது, இடைவிடாமல் வருவதில்லை. சில மணி நேரம் வந்து நின்றுவிடும். கோடையில் லாரியில் வரும். நீர் எப்போது வரும் என்ற உறுதி இல்லாதபோது வீட்டுக்கு வீடு தேக்கி வைப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே அணையின் கடைசிப்படி நம் வீட்டுத் தொட்டியே ஆகின்றது. பெரிய அணையின் கரையில் பட்டுக்கோட்டையார் அடைந்த துன்பத்தைச் சிறிய அணையின் மூடியில்லா வாயில் நாம் அடைகின்றோம்.

பூண்டி அணையால் எண்ணூரில் காய்ச்சல் கூடிற்று என்று நாம் கூறவில்லை. நீரைத் தேக்கும் பொறுப்பு எந்தக் கைக்கு மாறுகின்றதோ அந்தக் கைக்குக் காய்ச்சலைத் தடுக்கும் பொறுப்பும் சொல்லாமலே மாற்றப்படுகின்றது என்பதே நாம் கூறுவது. நாள் முழுதும் குழாயில் நீர் வருமாயின் பெரும்பாலான தொட்டிகளுக்கு வேலையிராது. தொட்டியை மூடவில்லை என்று குடித்தனக்காரருக்கு அபராதம் விதிக்கும்போது, தொட்டி எதனால் வந்தது என்பதையும் அதிகாரிகள் எண்ணிப் பார்த்தல் நலம். நீர் தேங்கிக் கொசு வளர்வதைத் தடுக்கும் பிரிவுகள் 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே உண்டு. அச்சட்டத்தைச் சாதாரண மனிதர் தொட்டிக்குக் காட்டுவதோடு, நீர் தேங்கும் பொதுவேலைகளுக்கும் பெரிய கட்டட வேலைகளுக்கும் அதே கண்டிப்புடன் காட்ட வேண்டுமென்பது நம் வேண்டுகோள்.

துறைமுகமும் ஆலையும் உள்ள வட்டாரத்தில் இது மிகவும் பொருந்தும். பம்பாயில் துறைமுகக் கப்பல்துறை வெட்டிய காலத்தில் மலேரியா பரவியதையும், நகரக் கிணறுகளில் ஸ்டீபென்சி பெருகியதையும் டாக்டர் பென்ட்லி 1911இலேயே அறிக்கையாக எழுதினார். நம் பக்கத்தில் அனல்மின் நிலையங்கள், 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகம், கட்டுப்பள்ளித் துறைமுகம், மணலி ஆலைகள் என்று கட்டட வேலை ஓயாத பூமி. வேலைக்காகத் தொலை மாநிலங்களிலிருந்து வரும் தொழிலாளர் தகரக் கொட்டகையில், மூடாத தொட்டியின் அருகே உறங்குகின்றனர். அவர்களே நோயைக் கொண்டுவந்தனர் என்று பழி சுமத்துவது எளிது. கொசு கடிக்கும் இடத்தில் அவர்களைத் தங்கவைத்தவர்களைக் கேட்பது கடினம்.

கொசுவும் துறைமுகத்தோடு நிற்பதில்லை. ஆசியாவுக்குரிய இந்த ஸ்டீபென்சி 2012இல் ஆப்பிரிக்கக் கரையில் ஜிபூட்டியில் தென்பட்டது. பின்னர் எத்தியோப்பியாவில் பரவிற்று. 2016 செப்டம்பரில் இலங்கை மலேரியாவற்ற நாடு என்று உலகச் சுகாதார ஸ்தாபனம் சான்று வழங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னார்த் தீவின் கிணறுகளில் இக்கொசு முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. நோயை ஒழித்த நாடு, கொசுவைக் கண்ட நாள் முதல் கிணறு கிணறாகத் தேடிக்கொண்டிருக்கின்றது.

தமிழ்நாட்டில் மலேரியா இன்று வெகுவாகக் குறைந்திருப்பது உண்மை. இந்நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் மாநிலத்து நோயாளிகளில் பெரும்பகுதியினர் சென்னை நகரத்தவராயிருந்தனர்; அந்நிலையும் மாறி வருகின்றது. 2030க்குள் நாட்டிலிருந்தே ஒழித்துவிட வேண்டுமென்பது அரசாங்கத்தின் குறிக்கோள். குறைந்துவிட்டதே, இனி எதற்கு இவ்வளவு பேச்சு என்று கேட்பவர்களுக்கு 1961க்கும் 1976க்கும் இடைப்பட்ட கதையை முன்னரே கூறிவிட்டோம். புதிய தேக்கங்களும் எழுந்துகொண்டிருக்கின்றன. கும்மிடிப்பூண்டிப் பக்கம் கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020இல் திறக்கப்பட்டது. ஆறுகளின் குறுக்கே தடுப்பணைகளும் எழுகின்றன. நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததால் கடல்நீர் புகுந்து கிணறு உப்பான மீஞ்சூர் உழவருக்குத் தடுப்பணையின் அருமை தெரியும். அவர்கள் அதை வரவேற்பது நியாயமே. வரவேற்கும்போதே வடிகாலையும் கேட்க வேண்டும் என்கின்றோம்.

காய்ச்சல் ஒரு குடும்பத்துக்கு என்ன செய்கின்றது என்பதை நம் அங்கத்தினருக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. நம் நகரத்தில் மிகுதியாகக் காணும் மலேரியா விவாக்ஸ் என்னும் வகை. ஒன்றுவிட்டு ஒருநாள் குளிர், நடுக்கம், சுரம், வியர்வை என்று வருவது. உயிரை எளிதில் வாங்காது; உழைப்பை வாங்கும். தறியில் பாவு ஏறியிருக்கும், நெய்ய ஆளிராது. ஒருவர் படுத்தால் நூல் சுற்றுபவர், பாவு ஓட்டுபவர் ஆகியோர் வேலையும் நிற்கும். இந்நோயின் கிருமி ஈரலுக்குள் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்து மீண்டும் எழும். அதனைக் களையவே மூன்று நாள் குளோரோகுயினுடன் 14 நாள் பிரைமகுயின் மாத்திரை டாக்டர்களால் தரப்படுகின்றது. நான்காம் நாள் சுரம் விட்டதும் வேலைக்குப் போய், மாத்திரையை மறந்துவிடுபவர் பலர். அவர்களுக்கே காய்ச்சல் திரும்புகின்றது. அவர்களிடமிருந்தே கொசு மீண்டும் கிருமியைப் பெறுகின்றது. கர்ப்பிணிகளுக்கும் சில வகை இரத்தக் குறைபாடு உடையவர்களுக்கும் பிரைமகுயின் ஆகாது. ஆதலின் இரத்தம் சோதிக்காமல், டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கி விழுங்குவது கூடாது.

இனி, சங்கங்கள் செய்யக்கூடியது என்ன?

உழவர் சங்கங்களுக்கு முதலில் கூறுவோம். நீரைப் பாய்ச்சிக் காயவிடும் முறை இன்று புதுமையன்று. ஒற்றை நாற்று நடவு என்று பெயர் பெற்ற செம்மை நெல் சாகுபடியில் அதுவே விதி. நீர் மிச்சமாவதற்காக வேளாண்மை இலாகா அதனைப் பரப்புகின்றது. நீரோடு கொசுவும் குறையும் என்று பட்டுக்கோட்டையில் கண்ட உண்மையை இதனோடு சேர்த்துச் சொல்பவர் அரியர். ஆனால் தனியொருவர் வயலைக் காயவிட்டுப் பயனில்லை. பக்கத்து வயலில் நீர் நின்றால் கொசு அங்கே பிறந்து இங்கே கடிக்கும். ஒரு மதகின் கீழுள்ள அனைவரும் ஒரே முறை வைத்துப் பாய்ச்ச வேண்டும். கூட்டுறவு என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எமக்குத் தோன்றவில்லை. பாசன விவசாயிகள் சங்கம் அமைப்பதற்கு 2000ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருகின்றது. முறைப்பாசனத்தில் அனுபவமுள்ள நம் கிராமங்களில் நீர்க்கட்டியார் நாளை வகுத்துத் தந்தால் மற்றது நடக்கும். கடைமடைக்காரருக்கு முறை வராமற்போவதுதான் இதிலுள்ள தொல்லை. அதைத் தீர்க்காமல் காயவிடச் சொன்னால் அவர் கேட்கமாட்டார், கேட்கவும் வேண்டியதில்லை.

நெசவாளர் சங்கங்களுக்கும் நகரத்து அங்கத்தினருக்கும் உள்ள வேலை தொட்டிக்கு மூடி. ஒவ்வொருவரும் கடைக்குச் சென்று அளவு பொருந்தாத மூடி வாங்குவதைவிடச் சங்கமே அளவெடுத்து மொத்தமாகச் செய்வித்துத் தவணையில் வழங்கலாம். மேல்தொட்டியின் காற்றுக்குழாய்க்கும் வலை கட்ட வேண்டும். மூடியிட்ட தொட்டியிலும் அந்த ஓட்டை வழியே கொசு புகுந்துவிடும். மூட இயலாத கிணற்றில் புழுவைத் தின்னும் கம்பூசியா மீனை விடலாம்; நகராட்சியார் தருகின்றனர். வாரம் ஒருநாள் தொட்டியைக் காலி செய்து உலர்த்துவது மிகச் சிறந்தது. ஆனால் வாரத்தில் எப்போது நீர் வரும் என்று தெரியாத தெருவில் அந்த உபதேசத்தைச் செய்ய எமக்கு வாய் எழவில்லை. குழித்தறி உள்ள வீடுகளில் குழியை உலர்வாக வைத்துக்கொள்க. இருளும் ஈரமும் கொசு பகலில் ஒதுங்க விரும்பும் இடம். கொசுவலையைப் பற்றி ஒரு சொல். கரூரில் இயந்திரத்தில் நெய்யும் வலை ஊரெங்கும் கிடைக்கின்றது. நம் கூட்டுறவு விற்பனை நிலையங்களில் வேட்டிக்கும் துண்டுக்கும் அருகே அதனையும் வைத்தால் குற்றமில்லை.

இவையெல்லாம் நம் கையில் உள்ளவை. நம் கையில் இல்லாதவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். புதிய நீர்த்தேக்கமோ தடுப்பணையோ கால்வாயோ அமைக்கும் முன்பு அக்கம்பக்கத்து ஊர்களில் காய்ச்சல் கணக்கு எடுக்கப்பட வேண்டும்; அமைத்த பின் ஐந்தாண்டுக்கு ஆண்டுதோறும் எடுத்து வெளியிடப்பட வேண்டும். மண்ணெடுத்த குழிகளைத் தூர்ப்பதற்கும் வடிகால் வெட்டுவதற்கும் உரிய தொகை மதிப்பீட்டிலேயே இருக்க வேண்டும். வேலை முடிந்த பின் பணமில்லை என்று கூறுதல் கூடாது. பட்டுக்கோட்டையில் ஆராய்ச்சியாளர் வந்தது காய்ச்சல் பரவிய பிறகு. அடுத்த அணைக்கு அவர்கள் முன்னதாக வரட்டும்.

இவ்வாறு கேட்கும்போது, ஆதாரம் எங்கே என்று எதிர்க் கேள்வி வரும். அதற்கு விடை நம் சங்கப் புத்தகங்களிலேயே இருக்கக்கூடும். நூல் பட்டுவாடாப் புத்தகத்தில் தறி எண்ணுக்கு எதிரே ஒரு பத்தி சேர்த்து, காய்ச்சலால் தறி நின்ற நாள் எத்தனை என்று மாதந்தோறும் குறித்து வரலாம். கடன் சங்கங்கள் தவணை தவறிய அங்கத்தினரிடம் காரணம் கேட்கும்போது, காய்ச்சலாயின் அதையும், இரத்தச் சோதனை நடந்ததா என்பதையும் எழுதிக்கொள்ளலாம். பெயர்களை வெளியிட வேண்டுவதில்லை. தெருவும் மாதமும் நாளின் தொகையும் போதும். ஆண்டிறுதியில் அத்தொகையை நாட்கூலியால் பெருக்கி ஒரு பிரதியை ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கும், ஒன்றை நீர்வளத்துறைப் பொறியாளருக்கும் அனுப்பலாம். ஐப்பசியில் மழை பிடிக்கும் முன்னரே அந்தப் பத்தியைக் கோடு போட்டுத் தொடங்கிவிடுமாறு சங்கக் காரியதரிசிகளைக் கேட்டுக்கொள்கின்றோம்.